ஸ்காபரோவில் கூடிய சபை

இந்தப் பயணத்தைப் பற்றி அப்போதே எழுதியிருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் கேட்கவும் செய்தார்கள். ஒருவர் உயிரோடு இருக்கும்வரை எழுதக் கூடாது என்று நானே தள்ளிப்போட்டு வந்தேன். அவர் போன மாசியில் டொரண்டோவுக்குப் பக்கத்து விட்பியில் காலமானார். காரியம் எல்லாம் முடிந்தபிறகு அவருடைய தங்கை மகள் துளசி தொலைபேசியில் கூப்பிட்டு, "இனி எழுதுங்கோ அன்ரி" என்றாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். ஆதிகால மக்கள் தங்களை எப்படி ஆண்டுகொண்டார்கள் என்பது என் பாடம். மன்றம், வேளிர், வேந்தர், கிரேக்கரின் சபை, நைல் நதிக்கரையின் தெய்வ ராஜாக்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழிப்பேன். அரசர்களைப் பற்றி அவ்வளவு பேசுகிறவளுக்கு நெஞ்சுரம் மட்டும் கிடையாது. பிறவிப் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரியும். அப்படிப்பட்டவள் 2009 மே மாதத்தில், இலங்கையில் போர் முடியப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நாட்களில், தனியாக டொரண்டோவுக்கு விமானம் ஏறினேன். அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் கருத்தரங்கு. குடவோலை முறை பற்றி என் கட்டுரை. அதற்குப் பிறகு மாதக் கடைசிவரை நூலகத்தில் வேலை.

*செவ்வாய்*

பியர்சன் விமான நிலையத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கினேன். குடிவரவு அதிகாரி எதற்கு வந்தாய் என்றார். பழங்கால ஆட்சிமுறை பற்றிப் பேச என்றேன். "யாருடைய ஆட்சி?" என்று அவர் கேட்டதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பெட்டியில் இருந்த இரண்டு கிலோ அல்வாவை வேறு நினைத்துக்கொண்டேன். அவர் சிரித்தபடி முத்திரை குத்தி அனுப்பினார்.

வெளியே சிவமலர் காத்திருந்தார். ஸ்காபரோவில் அவர் வீட்டு நிலவறை அறையை எனக்குத் தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நிலவறையை அங்கே பேஸ்மென்ட் என்கிறார்கள். சிவமலருக்கு ஐம்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்.

"நீங்கள்தானே ரீச்சர்? வாங்கோ. குளிருதோ?"

மே மாதத்துக்குக் குளிரத்தான் செய்தது. விமான நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். டாக்ஸி என்றால் ஐம்பது டாலருக்கு மேல் ஆகும். நம் கணக்கில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். 401 என்ற நெடுஞ்சாலையில் கார் ஏறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். போக எட்டு வரிசை, வர எட்டு வரிசை, நடுவில் லாரிகள் மலை மலையாகப் போகின்றன. கண்ணைத் திறந்தபோது மலர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். மறு கை மடியில் கிடந்த சின்ன மடக்கு செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மலர், ரெண்டு கையாலயும் ஓட்டுங்களேன்."

"பயப்பிடாதேங்கோ ரீச்சர். பதினெட்டு வரியமா உந்த ரோட்டில ஓடுறன்." பிறகு கொஞ்ச தூரம் போய்ச் சொன்னார். "என்ர கடைசித் தம்பி வன்னிக்குள்ள நிக்கிறான். மனுசி, ரெண்டு பிள்ளையள். எப்ப அடிப்பான் எண்டு தெரியாது. ஆரோ ஒராளின்ர சற்றலைட் போன். ஒருக்கா எடுக்காமல் விட்டமெண்டால் பிறகு கிடையாது."

அவருடைய வீட்டில் அந்தத் தொலைபேசிக்குத் தனி இடம் இருந்தது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. அதில் சார்ஜர் வயரோடு அது கிடக்கும். மலர் குளிக்கப் போனால் மகள் துளசி பக்கத்தில் உட்கார வேண்டும். துளசி போனால் மலர். தொலைக்காட்சி எந்நேரமும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மலரின் கணவர் பிராம்ப்டன் என்ற ஊர்க் கிடங்கிலிருந்து மாண்ட்ரீலுக்கு லாரி ஓட்டுகிறவர். நான் இருந்த நாட்களில் அவரை இரண்டு முறைதான் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தட்டைத்தான் பார்த்தார்.

*புதன்*

காலையில் துளசி என்னை லாரன்ஸ் கிழக்கு பஸ்ஸில் ஏற்றி, பிறகு பாதாள ரயிலில் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனாள். கட்டணம் இரண்டே முக்கால் டாலர், எத்தனை மாறினாலும் அதுவே. துளசி பத்தொன்பது வயதுப் பெண். அங்கேயே பிறந்தவள். என் முழங்கையைப் பிடித்து நகரும் படிக்கட்டில் இறக்கினாள். "அன்ரி, இட்ஸ் ஓகே, கீழ பாக்காதேங்கோ" என்று அவள் சொன்னதால் கீழேதான் பார்த்தேன்.

கருத்தரங்கில் என் கட்டுரைக்கு நல்ல கைதட்டல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இடுவார்கள், குலுக்குவார்கள், சூது வாது அறியாத ஒரு சிறுவனை அழைத்து எடுக்கச் சொல்வார்கள். யாருடைய செல்வாக்கும் செல்லாது, பிற்காலத்து ஊர்ச்சபை வரை வந்த இந்த முறையைவிட நேர்மையான ஆட்சிமுறை ஏது என்று முடித்தேன். எகிப்து பற்றிப் பேசிய ஒரு பெரியவர் எழுந்து, போருக்குப் போவதா வேண்டாமா என்பதையும் குடத்தில் போட்டு எடுத்தார்களா என்றார். இல்லை, அதற்கு வேந்தன் இருந்தான் என்றேன். அவர் தலையை ஆட்டி உட்கார்ந்தார். எனக்கும் அதோடு அது மறந்துபோயிற்று.

*வியாழன்*

காலை பத்தரை மணி. நான் மேலே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தட்டில் இருந்த போன் அடித்தது. மலர் பாய்ந்து எடுத்தார்.

"சேகரன்! சொல்லடா. ஓம்... ஓம்... பிள்ளையள்?"

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். "தம்பி, கேளடா, தம்பி" என்றார். அவ்வளவுதான், அழைப்பு போய்விட்டது.

தம்பி சொன்னதாக மலர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சனங்கள் ராத்திரியில் களப்பு என்ற கடற்கழித் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் தாண்டுகிறார்கள். சிலருக்குக் கழுத்தளவு. எந்தப் பக்கத்திலிருந்து வெடி வரும் என்று தெரியாது. இருந்தால் பதுங்குகுழிதான், மேலே செல் குண்டு விழுகிறது. சேகரன் கேட்டது இது: "போகவோ, இருக்கவோ? எனக்கு மண்டை வேலை செய்யுதில்லை அக்கா. நீங்கள் மூண்டு பேரும் கதைச்சு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நாளைக்கு இதே நேரம் எடுப்பன்."

மூன்று பேர் என்றால் விட்பியில் பெரியக்கா, ஸ்காபரோவில் மலர், பாரிஸில் ரஞ்சன். தாய் தகப்பன் போன பிறகு எதையும் நால்வரும் பேசுவார்களாம், கடைசியில் பெரியக்கா சொல்வதுதான் முடிவாம்.

தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். மேசையில் கிடந்த ரொட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்த வீட்டில் நான் கண்ட எல்லாமே அந்த நிமிடத்திலிருந்து வேறு மாதிரித் தெரிந்தது.

பெரியக்கா மதியத்துக்குள் மகனின் காரில் வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயது. குளிர்கோட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். மலர் விஷயத்தைச் சொல்லி, "நீங்களே சொல்லுங்கோ பெரியக்கா. இவ்வளவு காலமும் நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார். மகன் மெல்ல எழுந்து, நாளைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெரியக்கா கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லமாட்டன் மலர்."

"அக்கா..."

"உங்கள் ரெண்டு பேரையும் வெளிய அனுப்பேக்க, அம்மாவைப் பாக்க ஒராள் வேணும், சேகரன் நிக்கட்டும் எண்டு சொன்னது ஆர்? நான். இருவது வரியத்துக்கு முன்னம் ஒரு சொல்லு. அவன் இண்டைக்கும் அங்க நிக்கிறான். ஒருக்காச் சொன்னது காணும், போதும் எனக்கு."

வகுப்பில் முடியாட்சி எப்படித் தோன்றியது என்று ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறேன். நிலம், நீர், படை, தானியக் கிடங்கு என்று காரணம் அடுக்குவேன். பழி சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்பதை நான் அடுக்கியதில்லை. ஒரு ராஜா முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்வதை முதல் முறையாகப் பார்த்தேன்.

துளசி என் தோளைத் தொட்டாள். "அன்ரி, வெளிய ஒரு நடை போவமா? அவை கதைக்கட்டும்."

பெல்லமி சாலையை ஒட்டி, நடந்துபோகும் தூரத்தில் ஒரு புல்மேடு. சுற்றிலும் வீடுகள். டேபர் ஹில் என்று பெயர். நான் ஊரிலிருந்து கிளம்பும்போதே பார்க்க வேண்டும் என்று குறித்துவைத்த இடம். சின்ன வயதில் பனிக்காலத்தில் அதில் சறுக்கி விளையாடியிருப்பதாகத் துளசி சொன்னாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் அன்றைக்குச் சொல்ல விரும்பவில்லை. மேலே போனால் ஒரு பெரிய கல்லில் பதித்த பலகை இருந்தது. அவளே வாசித்துவிட்டாள்.

ஐரோப்பியர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பு அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் எலும்புகள் அந்த மேட்டில் கிடக்கின்றன. ஊரை இடம் மாற்றும்போது, தனித்தனியாகப் புதைத்திருந்த இறந்தோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்துத் துடைத்து, எல்லோரையும் ஒரே குழியில் சேர்த்துவைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு மண் வெட்டப்போய் 1950களில் கண்டுபிடித்தார்கள். ஐந்நூறு பேர் அளவில்.

"ஃபைவ் ஹன்ட்ரட்?" என்றாள் துளசி. காலைத் தூக்கி வைக்கத் தெரியாமல் நின்றாள். "நான் இதுக்கு மேலயா சறுக்கினன்?"

அவளைப் பேச வைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சனங்களின் ஆட்சியைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்கு ராஜா கிடையாது. சமாதானத்துக்கு ஒரு தலைவர், சண்டைக்கு ஒரு தலைவர். இருவராலும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சபை கூடினால் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். முன்னால் பேசியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்வார்கள். குரலை உயர்த்த மாட்டார்கள். எல்லோரும் ஒரே பக்கம் வரும்வரை பேசுவார்கள், நாள்கணக்கில் ஆனாலும்.

"எங்களுக்கு நாளைக்குப் பத்தரை வரைக்கும்தான் இருக்கு" என்றாள் துளசி.

திரும்பி வரும்போது அவள் மேட்டில் நடக்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள். நானும் அப்படியே வந்தேன்.

*வெள்ளி*

காலை எட்டு மணிக்கே எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். யாரும் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுத் தொலைபேசியில் பாரிஸிலிருந்து ரஞ்சன். ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சுகூடக் கேட்டது.

"தலைக்கு மேல வெள்ளம் போச்சுது. இனிச் சாணென்ன முழமென்ன" என்றார் ரஞ்சன். "ஆனா வா எண்டு நான் சொல்லி, அவனுக்கொண்டு நடந்தால்? இரு எண்டு சொல்லி நடந்தால்? எனக்கு விளங்கேல்லை அக்கா. பூக் கட்டிப் பாப்பம். பிள்ளையார் சொல்லட்டும்."

மலருக்கு முகம் தெளிந்தது. பெரியக்காவும் ஓம் என்றார். கடையில் வாங்கிவைத்திருந்த பூங்கொத்திலிருந்து ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. வாழையிலைக்கு எங்கே போவது? சமையலறை அலுமினியத் தாளில் இரண்டையும் ஒரே மாதிரிச் சுற்றினார்கள். வெள்ளை என்றால் களப்பைத் தாண்டி வரலாம். சிவப்பு என்றால் இருக்கட்டும். பூஜைச் செம்பில் போட்டு மலர் குலுக்கினார். உள்ளே தாள் உரசும் சத்தம் கேட்டது.

"துளசி, வா பிள்ளை. நீதான் சின்ன ஆள். கண்ணை மூடிக்கொண்டு எடு."

துளசி சுவரோடு ஒட்டி நின்றாள். "நோ அம்மா."

"எடடி."

"நான் எடுத்தா அது என்ர டிசிஷன். பிள்ளையார்ட இல்ல. லைஃப் லோங் எனக்குத் தெரியும், ஐ பிக்ட் இட். பிளீஸ் அம்மா, என்னைக் கேக்காதேங்கோ." அழுதுவிட்டாள்.

மலர் செம்போடு என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கள் எடுங்கோ ரீச்சர். நீங்கள் வெளியாள். உங்களுக்கு ஒரு பாவமும் வராது."

செம்பை என் முன்னால் நீட்டினார். எத்தனை வருடம் இந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்! முந்தாநாள்தான் அதற்குக் கைதட்டல் வாங்கினேன். கையை உள்ளே விட்டேன். இரண்டு உருண்டையும் விரலில் பட்டன. அலுமினியத் தாள் சில்லென்று இருந்தது. இதில் ஒன்றில் கழுத்தளவு தண்ணீர், ஒன்றில் பதுங்குகுழி. நடுவில் நான் பார்த்தே இராத இரண்டு பிள்ளைகள். குடத்திலிருந்து ஓலை எடுத்த அந்தக் காலத்துச் சிறுவனைச் சூது வாது அறியாதவன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் வீட்டுக்குப் போய் அன்றிரவு சாப்பிட்டானா என்று நான் யோசித்ததில்லை.

"என்னால முடியாது மலர். மன்னிச்சிருங்க" என்று கையை எடுத்துவிட்டேன்.

கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. ரஞ்சன் பாரிஸில் யாரையோ கோபித்துக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பெரியக்காதான் பேசினார்.

"துளசி, நேற்றுச் சாப்பிடேக்க என்னவோ சொன்னனீ. உந்த மேட்டுக்குள்ள கிடக்கிற சனம் எப்பிடிச் செய்தவை?"

துளசி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் சொல்லவேணும் பெரியம்மா. ஒராள் ஒராளா. மற்ற ஆள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப்போட்டு. எல்லாரும் ஒண்டைச் சொல்லுமட்டும்."

பெரியக்கா முதல் முறையாகக் கோட்டைக் கழற்றினார். மடித்து மடியில் வைத்தார். "அப்ப கதைப்பம்."

நான் எத்தனையோ சபைகளைப் பற்றிப் படித்தவள். கண்ணால் பார்த்தது அந்த முக்கால் மணி நேரச் சபையைத்தான். மலர் தயங்கித் தயங்கி, வரட்டும் என்றார். ரஞ்சன் மலர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ஆனால் சின்னவளுக்கு நீந்தத் தெரியாதே என்றார். பெரியக்கா இருவர் சொன்னதையும் சொல்லி, மூத்தவன் கவினுக்கு நீந்தத் தெரியும், பன்னிரண்டு வயது, தங்கச்சியைச் சேகரன் தோளில் வைக்கலாம் என்றார். குரல் ஏறவில்லை. நடுநடுவே அழுகை வந்தது, காத்திருந்தார்கள். பத்தே காலுக்கு மூவரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள். வரட்டும்.

"மூண்டு பேரும் சொல்லவேணும்" என்றார் பெரியக்கா. "வயசு ஒழுங்கில. என்ர வாயால மட்டும் போகக் கூடாது. நாளைக்கு ஒண்டெண்டால் மூண்டு பேரும் சேந்துதான் சுமக்கிறது."

பத்தரை ஆயிற்று. அடிக்கவில்லை. பத்து நாற்பதுக்கு அடித்தது. துளசி தட்டிலிருந்து எடுத்துப் பெரியக்காவின் காதில் வைத்தாள். சேகரன் சொன்னது அருகில் நின்ற எனக்கே மெல்லக் கேட்டது. "என்னால கதைக்கேலாது, பக்கத்தில ஆக்கள். நீங்கள் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"சேகரன், பெரியக்கா கதைக்கிறன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "வெளிக்கிடு ராசா. இண்டைக்கே வெளிக்கிடு. பிள்ளையளின்ர கையை விடாதை."

சொல்லிவிட்டு அலைபேசியைத் துளசியிடம் கொடுத்தார், மலரிடம் கொடுப்பதற்காக. ஓர் அடி தூரம். அந்த ஓர் அடிக்குள் துளசி திரையைப் பார்த்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். நானும் பார்த்தேன். அழைப்பு முடிந்தது என்று இருந்தது.

துளசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் அதைத் தாயின் காதில் வைத்தாள்.

"தம்பி, மலர் அக்கா. பெரியக்கா வெளிக்கிடச் சொன்னவ. நானும் அதுதான் சொல்லுறன். வந்திடடா."

பிறகு அதை வீட்டுத் தொலைபேசியின் ஒலிபெருக்கியோடு சேர்த்துப் பிடித்தாள். பாரிஸிலிருந்து ரஞ்சன் கத்தினார். "சேகரன்! பெரியக்கா சொன்னவ, மலர் அக்கா சொன்னவ, நானும் சொல்லுறன், வாடா!" செத்துப்போன அந்த அழைப்புக்குள் மூவரில் இருவர் தங்கள் சொல்லைச் சொல்லி முடித்தார்கள். துளசியின் கை ஒருமுறைகூட ஆடவில்லை. பிறகு மடக்கித் தட்டில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். குளியலறைக் குழாய் திறந்த சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

*அதற்குப் பிறகு*

திங்கட்கிழமை போர் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அன்றைக்கு ஸ்காபரோவில் கடைகள் திறந்திருந்தன. உள்ளே ஆட்கள் பொருட்களை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வைத்தார்கள். பஸ்ஸில் ஓர் ஆள் சத்தமில்லாமல் அழுதார். எதிரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் தன் இடத்தைக் கொடுத்தாள். நான் தினமும் நூலகத்துக்குப் போனேன். ஒரு பக்கம்கூட உருப்படியாகக் குறிப்பெடுக்கவில்லை. தட்டில் இருந்த போன் எட்டு நாள் அடிக்கவே இல்லை. பெரியக்கா விட்பிக்குத் திரும்பாமல் எங்களோடே இருந்தார். அந்த நாட்களில் துளசியும் நானும் தனியாக இருக்க நேர்ந்தால் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம். அவள் ஒருநாள் மட்டும், "அன்ரி, அவருக்கு ஒண்டும் கேக்கேல்லையெண்டா?" என்றாள். கேட்டிருக்கும், உங்க பெரியம்மா சொன்னது கேட்டிருக்கும் என்றேன். அது எனக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் வவுனியாவிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். முள்வேலி முகாமில் சேகரனைக் கண்டாராம். "சேகரன், மனுசி, சின்னவள். மூண்டு பேரும் இருக்கினம்."

மலர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். மூன்று பேரும். அறையில் யாரும் நான்காவது பெயரைக் கேட்கவில்லை. அந்த ஆளே பிறகு சொன்னார். தண்ணீருக்குள் வெடி கிளம்பியதும் சனம் நெருக்கியிருக்கிறது. கவினின் கை நழுவிவிட்டதாம். அதற்குப் பிறகு யாரும் அவனைக் காணவில்லை.

பெரியக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோறு பிசைந்தார், சாப்பிடவில்லை. கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே அதோடு இருந்தார். ஓரிரு முறை தனக்குள், "பன்ரண்டு வயசு, நீந்துவான் எண்டு சொன்னது நான்" என்றார். ரஞ்சன் பாரிஸிலிருந்து, "நாங்கள் மூண்டு பேரும் சொன்னதக்கா, நீங்கள் தனியச் சொல்லேல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மாதக் கடைசியில் நான் கிளம்பினேன். விமான நிலையத்துக்குப் பெரியக்காவும் வந்தார். அதே 401. இந்த முறை மலர் இரண்டு கையாலும் ஓட்டினார். லாரிகளைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின் இருக்கையில் என் பக்கத்தில் இருந்தது. மலர் காரை நிறுத்தப் போனார். துளசி என் பெட்டியை நிறுவைத் தட்டில் தூக்கி வைத்தாள். இருபத்து மூன்று கிலோ வரை விடுவார்கள்; இருபத்திரண்டு காட்டியது.

அப்போது பெரியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரீச்சர், உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். எங்கட ஆக்கள் எனக்காகப் பொய்யும் சொல்லுவினம். நீங்கள் வெளியாள். அண்டைக்குத் துளசிக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். மூண்டு பேரின்ர குரலும் அவனுக்குப் போனதோ? இல்லாட்டி என்ர குரல் மட்டும்தானோ?"

துளசி நிறுவைத் தட்டின் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரில் ஒரு தேர்வுத்தாளுக்கு அரை மதிப்பெண் கூட்டிப்போடக் கூடப் பயப்படுகிறவள் நான். செம்பில் விட்ட கையைச் சும்மா எடுத்துக்கொண்ட கோழை. இப்போது செம்பும் இல்லை, பூவும் இல்லை. அந்தப் பிடி மட்டும் இருந்தது.

"ஓம் அக்கா" என்றேன். வாழ்க்கையில் ஆமாம் என்பதற்குப் பதில் நான் முதலில் ஓம் சொன்னது அன்றுதான். "மூணு குரலும் போச்சு. நான் திரையைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"ரஞ்சன் சொன்னதும்?"

"கடைசியா அவர் சொன்னதுதான் நல்லா சத்தமாக் கேட்டது."

பெரியக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக என் மணிக்கட்டை விட்டன. பிறகு அவருக்கு அழுகை வந்தது. துளசி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள்.

ஊருக்கு வந்ததும் ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியது. குடவோலைப் பாடம் வந்தபோது, நேர்மையான முறை என்று சொல்லாமல், முறையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். பெரியக்கா அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இருந்தார். ஒவ்வொரு மே மாதமும் விட்பியிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும். நலம் விசாரிப்பார், மழை பெய்ததா என்பார். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கேட்பார்.

"மூண்டு குரலும்தானே ரீச்சர்?"

"ஓம் அக்கா, மூண்டும்" என்பேன்.